கண் சிமிட்டும் மின்சாரமும் மேசைமேல் மடிக்கணினியும்

(அன்றாட அறிவியல் வரிசை)

அவுஸ்திரேலியாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மின்வெட்டு புதிய விடயமன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்காக மின்சாரமே இன்றிக் குப்பி விளக்கின் ஒளியில் படித்துத் தேறியவர்கள் இங்கே பலர் உளர். 2012இல் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கழித்தவர்களும் உளர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் ஒரே நாளில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டுவந்தவர்களும் உளர். இத்தகையவர்களுக்குச் சிட்னியிலோ மெல்பேணிலோ மின்குமிழ் ஒரு கணம் மங்கி மீண்டும் எரிவது ஒரு பொருட்டாகவே தோன்றாது. "கரண்ட் போய் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

ஆயினும், அந்த ஒரு கணமே இன்று பல வீடுகளில் நட்டத்தை உண்டாக்குகின்றது. 2020ஆம் ஆண்டின் தொற்றுநோய்க் காலத்துக்குப் பின் வீட்டில் இருந்தபடியே அலுவலகப் பணி செய்வோர் தொகை பெருகியுள்ளது. முன்னர் விருந்தினருக்கு ஒதுக்கிய அறை இப்பொழுது கந்தோராக மாறியுள்ளது. அங்கே மேசைமேல் ஒரு மடிக்கணினி, அதன் அருகே "டொக்" எனப்படும் சிறு பெட்டி, அதிலிருந்து செல்லும் வயர்களின் மறுமுனையில் பெரிய திரைகள், விசைப்பலகை, இணைய வயர், வெளிவன்தட்டு ஆகியன இருக்கின்றன. சங்கங்களின் கணக்கேடுகளும் அங்கத்தவர் பட்டியல்களும்கூட இன்று பெரும்பாலும் யாரோ ஒரு பொருளாளரின் அல்லது செயலாளரின் வீட்டில், இத்தகைய ஒரு மேசையின் மீதே வாழ்கின்றன. எனவே ஒரு வினாடி மின்தடை எதை எப்படிப் பாதிக்கின்றது, அதற்கு என்ன காப்பு என்பதை அறிந்திருப்பது யாவர்க்கும் பயன் தரும்.

"பற்றரி இருக்கின்றதே!"

இவ்விடயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே எழும் கேள்வி ஒன்று உண்டு. மேசைக்கணினிக்குத்தான் மின்சாரம் போனால் ஆபத்து. மடிக்கணினிக்குள் பற்றரி இருக்கின்றதே, அதற்கு என்ன பயம் என்பதே அக்கேள்வி. கேள்வி நியாயமானது. விடையின் பாதியும் அதிலேயே இருக்கின்றது. மடிக்கணினிக்கு உண்மையில் பெரிய ஆபத்து இல்லை. மின்சாரம் நின்ற கணத்திலேயே அது தன் பற்றரிக்கு மாறிவிடும்; நடந்துகொண்டிருந்த வேலை நிற்பதில்லை.

ஆனால் அந்தப் பற்றரி மடிக்கணினியை மட்டுமே காப்பாற்றும். டொக்குக்குத் தனியாக ஓர் அடப்டர் சுவரிலிருந்து மின்சாரம் கொடுக்கின்றது. சுவர் மின்சாரம் போனவுடன் டொக் உயிரிழக்கும். அதனுடன் பெரிய திரைகள் இருண்டுவிடும். டொக்கின் வழியே வந்த இணைய வயர் அறுந்தது போலாகும். டொக்கில் செருகியிருந்த வெளிவன்தட்டு, எழுதிக்கொண்டிருந்த கோப்பை நடுவில் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். என்.பி.என். பெட்டியும் மோடமும் கூடவே அணைந்து, மின்சாரம் திரும்பிய பின்பும் மீண்டும் இணைப்பைப் பெறச் சில நிமிடங்கள் எடுக்கும். ஒரு வினாடித் தடை இவ்வாறு ஐந்து நிமிடத் தடையாக நீள்கின்றது. வைத்தியருடன் காணொளியில் பேசிக்கொண்டிருந்தவருக்கும், வேலைக்கான நேர்முகத்தில் இருந்தவருக்கும் அந்த ஐந்து நிமிடம் சிறிதல்ல.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. டொக் வைத்திருப்போர் பலர் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக மடிக்கணினியின் மூடியை மூடியே வைத்திருப்பர். மின்சாரம் உள்ளபோது மூடியிருந்தாலும் அது வேலை செய்யும். மின்சாரம் போனதும் வேறு விதி நடைமுறைக்கு வருகின்றது. பற்றரியில் ஓடும்போது மூடி மூடியிருந்தால் உறங்கிவிட வேண்டும் என்பதே பெரும்பாலான மடிக்கணினிகளில் முன்கூட்டியே வைக்கப்பட்ட ஏற்பாடு. அப்பிள் நிறுவனத்தின் மடிக்கணினிகள் மூடிய நிலையில் இயங்குவதற்கு வெளிமின்சாரம் வேண்டும். அது நின்றால் உறங்கிவிடும். விண்டோஸ் கணினிகளும் அவ்வாறு உறங்கிவிடக் கூடும். ஆகவே, உள்ளே பற்றரி நிறைந்திருந்தும் கணினி கண்ணை மூடிவிடுகின்றது. உரியவர் பற்றரி பழுதென்று எண்ணுகின்றார். பழுதானது பற்றரி அல்ல, மூடியைப் பற்றிய விதியே.

ஏன் இந்தக் கண்சிமிட்டல்?

வீதியோரக் கம்பிகளில் மரக்கிளை உரசுவதும், மின்னல் தாக்குவதும், பொசம், வௌவால், பறவை முதலியன கம்பியைத் தொடுவதும் இந்நாட்டில் வழக்கமானவை. (ஒரு பிராணி நாட்டையே இருளில் ஆழ்த்தவும் கூடும். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அந்நாட்டு எரிசக்தி அமைச்சர் கூறியது பலருக்கு நினைவிருக்கலாம்.) இவற்றுள் பெரும்பாலானவை கணநேரக் குறைகள். கிளை உரசிவிட்டு விலகிவிடும். ஆதலால் மின்கம்பிகளில் தானியங்கி மீளிணைப்பான்கள் பொருத்தப்பட்டுள்ளன. குறை கண்டவுடன் அவை மின்சாரத்தை வெட்டி, சில வினாடி பொறுத்து மீண்டும் இணைத்துப் பார்க்கும். குறை நீங்கியிருந்தால் மின்சாரம் நிலைக்கும். இல்லையேல் மறுபடி வெட்டும். வீட்டில் விளக்கு போய் வருவதன் காரணம் பல வேளைகளில் இதுவே. மணிக்கணக்கான இருட்டு ஒரு வினாடி இருட்டாகக் குறைக்கப்படுகின்றது என்றே இதனைக் கருதலாம்.

அதேவேளை, பக்கத்து வீதியில் வேறொரு கம்பியில் குறை ஏற்பட்டால், இந்த வீதியில் மின்சாரம் முற்றாக நிற்காது. 230 வோல்ட் என்பது கணநேரம் 160 வோல்ட்டாகவோ அதற்கும் கீழாகவோ தாழ்ந்து மீளும். விளக்கு மங்குவது இதனால்.

இந்த மீளிணைப்பிலும் ஓர் இக்கட்டு இருப்பதை விக்டோரியா மாநிலம் பெரும் விலை கொடுத்து அறிந்தது. 2009 பெப்ரவரி 7ஆந் திகதி "கறுப்புச் சனிக்கிழமை" என்றழைக்கப்படும் காட்டுத்தீயில் 173 பேர் உயிரிழந்தனர். அவற்றுள் மிகக் கொடியதான கில்மோர் கிழக்குத் தீ, ஒரு கிராமப்புற மின்கம்பி அறுந்ததால் மூண்டது. அறுந்து விழுந்த கம்பிக்கு மீண்டும் மீண்டும் மின்சாரம் அனுப்பிப் பார்ப்பது காய்ந்த புல்லில் தீப்பொறியை வீசுவதற்கு ஒப்பாகும். ஆகவே அதன்பின் அமைந்த அரச ஆணைக்குழு, தீ அபாயம் மிகுந்த காலத்தில் இத்தகைய கம்பிகளில் மீளிணைப்பை நிறுத்திவைக்கும்படியும் குறைக்கும்படியும் பரிந்துரைத்தது. இதன் விளைவாக, கோடைகாலத்தின் கொடிய நாட்களில், மற்ற வேளைகளில் ஒரு வினாடியில் திரும்பியிருக்கும் மின்சாரம், ஊழியர்கள் கம்பியைப் பார்வையிடும் வரை திரும்பாமலிருக்கலாம். மெல்பேணின் வெளிப்புறங்களில் மலையடிவாரத்தை அண்டி வீடு வாங்கியோர் இதை மனதிற் கொள்வது நன்று. அந்தக் காத்திருப்பு உயிர்களைக் காக்கும் காத்திருப்பு. அதற்காகச் சினங்கொள்வது தகாது.

ஒரு வினாடியின் ஆயிரத்தில் சில பங்கு

மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றால் கருவிகள் அணையும்? இங்கு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுச் சுழல்கின்றது. ஒரு சுற்று என்பது வினாடியின் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது 20 மில்லி வினாடி. அடப்டருக்குள் இருக்கும் மின்தேக்கி ஏறத்தாழ ஒரு சுற்று நேரம் தாக்குப்பிடிக்கும் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். கணினித் தொழிற்றுறையினர் 1970களில் முதலில் வரைந்து, பின்னர் திருத்திய ஒரு வளைகோடு இதற்கு அளவுகோலாக விளங்குகின்றது. மின்சாரம் முற்றாக நின்றால் 20 மில்லி வினாடியும், 70 வீதமாகத் தாழ்ந்தால் அரை வினாடியும், 80 வீதமாகத் தாழ்ந்தால் 10 வினாடியும் கருவி தாங்க வேண்டும் என்பது அதன் சாரம். மீளிணைப்பான் எடுக்கும் நேரமோ வினாடிக்கணக்கு. ஆகவே அடப்டர் மட்டும் தனியாக அதைத் தாண்ட இயலாது.

கணநேரத் தாழ்வுகள் வீட்டு மேசையை மட்டும் வருத்துவதாக எண்ணற்க. 2016 செப்டெம்பர் 28ஆந் திகதி மாலை, தென் அவுஸ்திரேலியாவில் கடும் புயலால் மின்கோபுரங்கள் சரிந்தன. இரண்டு நிமிட நேரத்துள் ஆறு முறை மின்னழுத்தம் தாழ்ந்து மீண்டது. அங்கிருந்த ஒன்பது காற்றாலைப் பண்ணைகளில், குறித்த நேரத்துள் இத்தனை தாழ்வுக்கு மேல் ஏற்பட்டால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்ற கட்டளை பதிந்திருந்தது. அவை அவ்வாறே ஏழு வினாடிக்குள் 456 மெகாவாட்டைக் குறைத்தன. அதைச் சரிக்கட்ட முயன்ற விக்டோரியாத் தொடர்புக் கம்பி சுமை தாங்காது துண்டிக்கப்பட, மாநிலம் முழுவதும், ஏறத்தாழ எட்டரை இலட்சம் வாடிக்கையாளர்கள், இருளில் மூழ்கினர். அக்கட்டளை அங்கே பதிந்திருப்பதை மின்வலையை நடத்தியவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

எட்டு ஆண்டு கழித்து, 2024 ஜூலை 10ஆந் திகதி அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. ஒரு கம்பியின் குறையால் மின்னழுத்தம் அடுத்தடுத்து ஆறு முறை தாழ்ந்தது. அப்பகுதியிலுள்ள பெரும் கணினி நிலையங்களின் காப்புக் கருவிகள், ஒரு நிமிடத்துக்குள் மூன்று தாழ்வு கண்டால் சொந்த மின்சாரத்துக்கு மாறும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவை ஒன்றாக மாறியபோது 1,500 மெகாவாட் சுமை ஒரேயடியாக வலையிலிருந்து மறைந்தது. விளக்குகள் அணையவில்லை, ஆயினும் வலையை நடத்தியவர்கள் திடுக்குற்றனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒரு பாடம் பொதுவாக உண்டு. கேடு விளைவித்தது கருவியின் பலவீனம் அல்ல. யாரோ எப்போதோ பதித்து, பின்னர் எவரும் திரும்பிப் பாராத ஓர் ஏற்பாடு, நெருக்கடியான கணத்தில் எதிர்பாராத விதமாக வேலை செய்தது. மடிக்கணினியின் மூடியைப் பற்றிய விதியும் அந்த வகையைச் சேர்ந்ததே. ஆகவே காசு செலவழிக்குமுன் ஏற்பாடுகளைப் பார்ப்பதே முறை.

செலவில்லாத காப்புகள்

முதலாவது, மூடியைத் திறந்து வையுங்கள். மடிக்கணினியை ஒரு சிறு தாங்கியில் திறந்தபடி நிறுத்தி, அதன் திரையை இரண்டாவது திரையாகப் பயன்படுத்தினால், மின்சாரம் போகும்போது பெரிய திரை மட்டும் இருளும். வேலை மடிக்கணினியின் சொந்தத் திரையில் தொடரும். மூடியே வைக்க வேண்டிய இடநெருக்கடி உள்ளவர்கள், விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸ் பகுதியில் "பற்றரியில் மூடியை மூடினால்" என்ற இடத்தில் "ஒன்றும் செய்யாதே" என்று மாற்றலாம். ஆனால் அவ்வாறு மாற்றியவர் கணினியைப் பையில் வைக்குமுன் தாமே அணைக்க மறக்கலாகாது. பைக்குள் விழித்திருக்கும் கணினி சூடேறிக் கெட்டுவிடும்.

இரண்டாவது, கோப்பு இருக்கும் இடம். தினமும் திருத்தும் கணக்கேட்டை வெளிவன்தட்டில் திறந்து வைத்து எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். கணினியின் உள்வட்டில் வைத்து எழுதி, நாள் முடிவில் வெளிவன்தட்டுக்குப் பிரதி எடுப்பதே பாதுகாப்பு. 2018 முதல் விண்டோஸ் தானாகவே வெளிவன்தட்டுகளை "உடனடி அகற்றலுக்கு" ஏற்றவாறு வைக்கின்றது. ஆயினும் எழுதிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் துண்டிக்கப்படும் கோப்பை அது காப்பாற்றாது. சங்கத்தின் ஒரேயொரு அங்கத்தவர் பட்டியல் அவ்வாறு சிதைந்தால் அதை மீண்டும் திரட்டுவதற்கு எத்தனை தொலைபேசி அழைப்புகள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்ற பழைய விதி இன்றும் பொருந்தும்.

மூன்றாவது, தானே சேமிக்கும் ஏற்பாடு. வேர்ட், எக்செல் போன்றவை வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையே மீட்புப் பிரதி எடுக்கும். அதை இரண்டு நிமிடமாகக் குறைக்க இயலும்.

நான்காவது, பற்றரியின் உடல்நலம். ஆண்டு முழுவதும் டொக்கிலேயே, நூறு வீத நிரப்புடனும் சூட்டுடனும் கிடக்கும் பற்றரி விரைவில் முதுமை அடையும். சிலவேளை வீங்கவும் செய்யும். பல நிறுவனத்தார் நிரப்பை 80 வீதத்தில் நிறுத்தும் வசதியைத் தந்துள்ளனர். அதை இயக்கி வைப்பது நன்று. விசைப்பலகையோ அடிப்பாகமோ மேடாகத் தோன்றினால் அந்தக் கணினியைப் பாவிப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

ஐந்தாவது, கைத்தொலைபேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் வசதியை முன்கூட்டியே ஒருமுறை இணைத்துப் பழகி வைத்தல். மோடம் திரும்பும் வரை அது கைகொடுக்கும்.

இவற்றைச் செய்த பின் ஒரு பரிசோதனை உண்டு. இந்நாட்டுச் சுவர்ப் பிளக்குகளில் சுவிச் இருப்பது இதற்கு வசதி. ஒரு விடுமுறை நாளில், வேலைகளைச் சேமித்து, வெளிவன்தட்டை முறைப்படி கழற்றி வைத்துவிட்டு, டொக்குக்குச் செல்லும் சுவிச்சை ஒரு வினாடி அணைத்துப் போட்டுப் பாருங்கள். எது அணைந்தது, எது தாங்கியது, எது திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மோடத்தின் சுவிச்சையும் அவ்வாறே பார்க்கலாம். எதை வாங்க வேண்டும், வாங்க வேண்டுமா என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

யூ.பி.எஸ். வாங்குவோர் கவனத்துக்கு

மின்னல் காப்புப் பலகை என்று கடைகளில் விற்பது மின்சாரம் நிற்கும்போது எவ்வித உதவியும் செய்யாது. அது மிகை மின்னழுத்தத்தை மட்டுமே தடுக்கும். தடையைத் தாண்டுவதற்கு வேண்டியது பற்றரி உள்ள யூ.பி.எஸ். எனும் கருவி. இதில் சாதாரண வகை, மின்சாரம் நின்றபின் 4 முதல் 10 மில்லி வினாடிக்குள் பற்றரிக்கு மாறும். அடப்டர் ஏறத்தாழ 20 மில்லி வினாடி தாங்கும் என்று மேலே கண்டோருக்கு, இது போதுமானது என்பது விளங்கும். இடைவெளியே இல்லாத விலையுயர்ந்த வகை டொக்குக்குத் தேவையில்லை.

பருமனையும் எளிதாகக் கணிக்கலாம். மடிக்கணினிக்கு 65 வாட், இரண்டு திரைகளுக்கு 50 வாட், டொக்குக்கும் மோடத்துக்கும் என்.பி.என். பெட்டிக்கும் 30 வாட் என்று கொண்டால் மொத்தம் 150 வாட்டுக்குள் அடங்கும். யூ.பி.எஸ். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருப்பது வி.ஏ. கணக்கு, பின்பக்கத்தில் சிறிதாக இருக்கும் வாட் கணக்கே முக்கியம். 650 வி.ஏ. அளவுள்ள கருவி பெரும்பாலும் 350 வாட் அளவையே தாங்கும். அதுவே இங்கு தாராளம். அத்தகைய கருவியினுள் 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈயப் பற்றரி இருந்தால் அதன் கொள்ளளவு 84 வாட் மணி. 150 வாட் சுமையைப் பத்து நிமிடம் தாங்க 25 வாட் மணி போதும். விரைந்து வடிக்கும்போது ஈயப் பற்றரி முழுவதையும் தராது, முதுமையில் இன்னும் குறைவாகவே தரும் என்பதனாலேயே இந்த மிச்சம் தேவைப்படுகின்றது. ஒரு வினாடி கண்சிமிட்டலுக்கு இது பல மடங்கு அதிகம்.

இதில் இணைக்க வேண்டியவை டொக், மோடம், என்.பி.என். பெட்டி, தனி அடப்டர் உள்ள வெளிவன்தட்டு ஆகியவை. லேசர் அச்சுப்பொறி, ஹீற்றர், தேநீர்க் கேத்தல் ஆகியவற்றை ஒருபோதும் இணைக்கலாகாது. யூ.பி.எஸ்.ஸை நேராகச் சுவரில் செருக வேண்டும். இன்னொரு பலகையில் செருகுவது தவறு. பல கருவிகளில் சில துவாரங்கள் பற்றரியுடனும், மற்றவை மிகை மின்னழுத்தக் காப்புடன் மட்டுமாகவும் இருக்கும். பெயர் பார்த்துச் செருகாவிடில், வாங்கியதன் பயன் கிட்டாது. ஆர்.சி.எம். குறி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

ஈயப் பற்றரி மூன்று முதல் ஐந்து ஆண்டில் ஓய்ந்துவிடும். வாங்கிய திகதியை ஒரு சீட்டில் எழுதிக் கருவியில் ஒட்டி வைப்பது நல்ல வழக்கம். ஓய்ந்த பற்றரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் சேர்ப்பிக்க வேண்டும்.

அலுவலகத்தில் பணிபுரிவோர் தாமாகவே யூ.பி.எஸ். ஒன்றைக் கொண்டுசென்று மேசையடியில் வைப்பது சரியன்று. பல பணியிடங்களில் மின்கருவிகளைப் பரிசோதித்துச் சீட்டு ஒட்டிய பின்பே பாவிக்க அனுமதிப்பர். முதலில் கட்டடப் பொறுப்பாளரிடம் கேட்பதே முறை. கண்சிமிட்டல் அடிக்கடி நேர்ந்தால் அதன் திகதியையும் நேரத்தையும் குறித்துக் கொடுப்பது அவருக்கும் மின்விநியோகத்தாருக்கும் உதவும். மூன்று நிமிடத்துக்கு உட்பட்ட தடைகளை இந்நாட்டில் "கணநேரத் தடை" என வேறாகவே கணக்கிடுகின்றனர். ஆண்டு முழுவதும் எத்தனை நிமிடம் மின்சாரம் நின்றது என்று வெளியிடும் தொகையில் அவை சேர்வதில்லை. எவரும் முறையிடாவிடில் அவை எவர் கண்ணிலும் படாமல் போகலாம்.

சூரிய மின்சாரமும் வீட்டுத் தொலைபேசியும்

கூரையில் சூரியத் தகடு இருப்பதால் தமக்கு மின்தடை இல்லை என்று எண்ணுவோர் உளர். வலையுடன் இணைந்த சூரிய இன்வேர்ட்டர், வலையில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காகவே அந்த விதி. 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசின் விலைக்கழிவுத் திட்டத்தின் கீழ் வீட்டுப் பற்றரி வாங்கிய குடும்பங்களும் இரண்டு கேள்விகளைக் கேட்டு வைக்க வேண்டும். மின்தடையின்போது அது வீட்டுக்கு மின்சாரம் தருமாறு இணைக்கப்பட்டுள்ளதா? தருமெனில் மாறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும்? சில ஏற்பாடுகள் மணிக்கணக்காக விளக்கெரித்தாலும், மாறும் அந்தச் சிறு இடைவெளியில் டொக்கை அணைத்துவிடும்.

முதியோர் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. முன்பிருந்த செம்புக் கம்பித் தொலைபேசி, தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் பெற்றது. வீடு இருண்டாலும் அது ஒலித்தது. என்.பி.என். வழியே வரும் தொலைபேசி அவ்வாறன்று. வீட்டில் மின்சாரம் இல்லையேல் தொலைபேசியும் இல்லை. அதனுடன் இணைத்த அவசர அழைப்புப் பொத்தானும் இயங்காது. ஆகவே யூ.பி.எஸ். வாங்கும் பிள்ளைகள், தங்கள் மேசைக்கு முன் பெற்றோரின் மோடத்தை நினைப்பது தகும். மோடம் மட்டுமே தேவையெனில் 12 வோல்ட் தரும் சிறு யூ.பி.எஸ். கருவிகள் உண்டு. வோல்ட் அளவும் செருகியும் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். கைத்தொலைபேசி ஒன்றும் நிரப்பிய நிலையில் அவர்கள் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருத்தல் வேண்டும்.

2024 பெப்ரவரி 13ஆந் திகதி விக்டோரியாவில் வீசிய புயலில் அனாக்கிக்கு அருகே ஆறு பெரும் மின்கோபுரங்கள் சரிந்து, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. சிலருக்கு நாட்கணக்காகத் திரும்பவில்லை. அத்தகைய வேளையில் மேசையடி யூ.பி.எஸ். எதுவும் சாதிக்காது, பத்து நிமிடத்தில் வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைத்துவிட அவகாசம் தருவதே அதன் பணி. மற்ற நாட்களில், ஆண்டுக்குப் பல முறை எவரும் கவனியாமல் வந்து போகும் அந்த ஒரு வினாடிக்கு, திறந்து வைத்த மூடியும், சரியான இடத்தில் வைத்த கோப்பும், தேவைப்பட்டால் ஒரு சிறு பெட்டியும் போதும்.

சங்கங்களின் பதிவேடுகளைத் தம் வீட்டில் வைத்துப் பேணும் அன்பர்கள், வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குக் கணக்கு முடிக்கும் நாட்களுக்கு முன்னராவது மேற்சொன்ன சுவிச் பரிசோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது நன்மை பயக்கும். அதற்கு வேண்டியது ஒரு விடுமுறை நாளின் கால் மணி நேரமே.